டெக்சாஸ் கிராமப்புறத்தில் நிலம் வாங்குமுன்: புரோபேட் கோப்பைத் தேடிப் படிப்பது எப்படி

“அப்பா பெயரில் இருந்த நிலம், அவர் போய்ப் பல வருஷம் ஆச்சு, உயில் எல்லாம் இருக்கு” என்று விற்கிறவர் சொன்னால் நம்மூரில் என்ன செய்வோம்? வில்லங்கம் போட்டுப் பார்ப்போம், தாசில்தார் கொடுத்த வாரிசுச் சான்றிதழைக் கேட்போம். டெக்சாஸில் இந்த இரண்டுமே கிடையாது. போன வருடம் என் நண்பர் ஒருவர் ஊருக்கு வெளியே பன்னிரண்டு ஏக்கர் பார்த்துவிட்டு வந்து, “இங்கே இதை எங்கே போய்ச் சரிபார்ப்பது?” என்று கேட்டார். நில உரிமையைச் சரிபார்த்துக் காப்பீடு தரும் டைட்டில் கம்பெனி எப்படியும் பார்க்கும்தான், ஆனால் முன்பணம் கட்டுவதற்கு முன்பே நீங்களே பார்த்துவிடலாம், ஏனென்றால் உயில் வழக்கின் கோப்பு, அதாவது புரோபேட் கோப்பு, பொது ஆவணம். வக்கீல் வேண்டாம், உறவினராக இருக்க வேண்டாம், எதற்குப் பார்க்கிறீர்கள் என்று காரணம்கூடச் சொல்ல வேண்டாம்.

முதல் குழப்பம் பெயரில். புரோபேட் என்றால் இறந்தவரின் உயில் செல்லும் என்று நீதிமன்றம் ஏற்றுக்கொள்வது. அதைச் செய்வது புரோபேட் நீதிமன்றம் என்று நினைத்துக்கொண்டு கிராமப்புற கவுண்டியில் (நம்மூர் மாவட்டம் மாதிரி) போய் அப்படி ஒரு பலகையைத் தேடினால் கிடைக்காது. ஹாரிஸ், டாலஸ், டாரன்ட், ட்ராவிஸ் போன்ற பெரிய கவுண்டிகளில்தான் இதற்கென்று தனி நீதிமன்றம். டெக்சாஸில் கவுண்டிகள் மொத்தம் 254. சின்ன கவுண்டிகளில் பொதுவாக கவுண்டி ஜட்ஜே இதையும் பார்க்கிறார். அவர் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கப்பட்டவர், கவுண்டியின் பட்ஜெட்டையும் சாலையையும் கவனிக்கிற அதே மனிதர், சட்டம் படித்தவராக இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. உங்களுக்கு வேண்டியது அவர் அல்ல, கவுண்டி கிளார்க். உயில் வழக்கின் தாள்கள், நிலப் பத்திரங்கள், திருமண உரிமங்கள் எல்லாம் அந்த ஒரே அலுவலகத்தில்தான் இருக்கும். மிகச் சின்ன இடங்களில் டிஸ்ட்ரிக்ட் கோர்ட்டின் தாள்களைக் கவனிக்கிற டிஸ்ட்ரிக்ட் கிளார்க் வேலையையும் அவரே பார்ப்பார். 2020 கணக்கெடுப்பில் 64 பேர் மட்டுமே இருந்த லவிங் கவுண்டிக்கும் மென்டோனில் ஒரு நீதிமன்றக் கட்டடம் உண்டு.

எந்த கவுண்டி? நிலம் இருக்கிற கவுண்டி என்றுதான் எல்லோரும் தேடுவார்கள், அது பாதித் தப்பு. இறந்தவர் டெக்சாஸில் எங்கே நிரந்தரமாகக் குடியிருந்தாரோ அந்த கவுண்டியில்தான் வழக்கு நடக்கும். நிலம் ஒரு கவுண்டியில், அவர் கடைசி காலத்தில் மகளோடு போய் இருந்தது இன்னொரு கவுண்டியில் என்றால் கோப்பு மகள் ஊரில் இருக்கலாம். ஓக்லஹோமாவில் வாழ்ந்து இறந்தவர் என்றால் அங்கே புரோபேட் முடித்து, அதன் சான்றிட்ட நகலை இங்கே நிலப் பத்திரப் பதிவேட்டில் ஏற்றியிருப்பார்கள். அதனால் முதலில் இறப்புச் செய்தியைப் பாருங்கள். உள்ளூர் வாரப் பத்திரிகைகளில் பழையவை நிறைய ‘போர்ட்டல் டு டெக்சாஸ் ஹிஸ்டரி’ என்ற தளத்தில் இலவசமாக இருக்கின்றன. கடைசியாக எங்கே வாழ்ந்தார், பிள்ளைகள் யார், இரண்டாம் மனைவி உண்டா என்பது அந்த நாலு வரியிலேயே தெரிந்துவிடும்.

அப்புறம் இணையம். ரீசர்ச்-டிஎக்ஸ் என்று நீதிமன்றத் தாள்களைத் தேட மாநில அளவில் ஒரு தளம் இருக்கிறது, புதிய வழக்குகளுக்குப் பரவாயில்லை. ஆனால் சின்ன கவுண்டிகளில் வக்கீல்கள் கட்டாயமாக மின்வழியில் தாக்கல் செய்யத் தொடங்கியதே 2016 ஜூலையில்தான், அதற்கு முந்தைய தாள்களை அங்கே எதிர்பார்க்காதீர்கள். மிகப் பழையது என்றால் ஃபேமிலிசர்ச் என்ற குடும்ப வரலாற்றுத் தளத்தில் பல கவுண்டிகளின் படங்கள் உண்டு. இரண்டுக்கும் நடுவில் இருக்கிற காலம், அதாவது நிலம் வாங்குகிறவருக்கு நிஜமாகவே வேண்டிய காலம், பெரும்பாலும் கிளார்க் அலுவலகத்தின் பெட்டக அறையில்தான் இருக்கிறது.

அந்த அறையை ஒரு தடவை பார்த்துவிட்டால் பயம் போய்விடும். இரும்பு உருளைகள் வைத்த தட்டுகளில் பெரிய பெரிய பைண்டு புத்தகங்கள், ஒவ்வொன்றும் ஒரு சின்னக் குழந்தை கனம். இழுத்துச் சாய்மேசையில் போட்டுப் பார்க்க வேண்டும். எண்ணெய் வளம் உள்ள கவுண்டி என்றால் எண்ணெய் கம்பெனிகளுக்காக நில உரிமையைத் தேடுகிற, லேண்ட்மேன் என்று சொல்லப்படுகிற ஆட்கள் லேப்டாப்போடு காலையிலேயே இடம் பிடித்திருப்பார்கள், மரியாதையாகக் கேட்டால் எந்தப் புத்தகம் எங்கே என்று காட்டிவிடுவார்கள். நீங்கள் எடுக்க வேண்டியது புரோபேட் அட்டவணை. இறந்தவரின் குடும்பப் பெயர் வரிசையில் இருக்கும், எதிரே வழக்கு எண், புத்தக எண், பக்க எண். பழைய பக்கங்களில் முழுப்பெயருக்குப் பதில் முதலெழுத்துகள் மட்டும் இருக்கும், மனைவியைக் கணவரின் பெயரிலேயே ‘மிசஸ்’ போட்டு எழுதியிருப்பார்கள், ஜெர்மன், மெக்சிகன் பெயர்களை காதில் விழுந்தபடி எழுதியிருப்பார்கள். அதே அட்டவணையில் மைனர்களின் கார்டியன் வழக்குகளும் கலந்திருக்கும். ‘என்.சி.எம்.’ என்று பார்த்தால் குழம்ப வேண்டாம், மனநிலை சரியில்லாதவர் என்பதற்கு அந்தக் காலத்து லத்தீன் சுருக்கம்.

வழக்கு எண்ணைச் சொன்னால் கோப்பை எடுத்துத் தருவார்கள். முதல் தாள் மனு. இறந்த தேதி, குடியிருந்த இடம், உயில் எழுதிய பிறகு விவாகரத்து ஆனதா, பிள்ளை பிறந்ததா, சொத்து சுமார் எவ்வளவு என்பதெல்லாம் அதில் இருக்கும். அடுத்து உயில். அதில் நிலம் பற்றிய பத்தியை நிதானமாகப் படியுங்கள், ஏனென்றால் டெக்சாஸில் தரைக்கு ஒரு சொந்தக்காரரும் அடியில் இருக்கிற எண்ணெய், எரிவாயுவுக்கு இன்னொரு சொந்தக்காரரும் இருக்கலாம். அப்பா தரையை ஒரு மகனுக்கு எழுதிவிட்டு, கனிம உரிமையை எல்லோருக்கும் சமமாகப் பிரித்திருப்பார். விற்கிறவர் முதல் பாதியை மட்டும் சொல்வார். அதற்கடுத்து, உயிலை ஏற்றுக்கொண்ட உத்தரவு. இதுதான் முக்கியம், உத்தரவு இல்லாமல் உயில் மட்டும் கோப்பில் கிடந்தால் அது வெறும் காகிதம். பிறகு நிறைவேற்றுநரின், அதாவது உயிலில் சொன்னபடி சொத்தைப் பிரித்துக் கொடுக்கப் பொறுப்பேற்றவரின், உறுதிமொழி. அவருக்கு அதிகாரம் கொடுக்கும் கடிதத்துக்கு லெட்டர்ஸ் டெஸ்டமென்டரி என்று பெயர், நிலத்தை விற்கக் கையெழுத்துப் போடுகிறவரிடம் இதைத்தான் கேட்பார்கள்.

சொத்துப் பட்டியலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நிறைவேற்றுநர் பொறுப்பேற்ற 90 நாளுக்குள் சொத்தெல்லாம் எழுதித் தாக்கல் செய்ய வேண்டும் என்பது விதி, பழைய கோப்புகளில் மாடு, டிராக்டர், பேங்க் கணக்கு வரை இருக்கும், படிக்கவே சுவாரசியம். ஆனால் 2011 செப்டம்பரிலிருந்து, கடன் பாக்கி பெரிதாக இல்லை என்றால், பட்டியலை வாரிசுகளிடம் கொடுத்துவிட்டு “கொடுத்துவிட்டேன்” என்று ஒரு பிரமாணப் பத்திரம் மட்டும் நீதிமன்றத்தில் போடலாம். அதனால் 1975ஆம் வருடக் கோப்பு தடிமனாகவும் போன வருடக் கோப்பு ஒல்லியாகவும் இருப்பதில் ஆச்சரியம் இல்லை.

அதே போல, கோப்பு பாதியில் நின்றது போல இருக்கும். “வழக்கு முடிந்தது” என்ற உத்தரவைத் தேடி நண்பர் அரை மணி நேரம் புரட்டினார். டெக்சாஸில் பெரும்பாலும் சுதந்திர நிர்வாகம்தான், அதாவது நிறைவேற்றுநர் ஒவ்வொன்றுக்கும் நீதிமன்ற அனுமதி கேட்பதில்லை, முடித்துவிட்டேன் என்று சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. பட்டியலோடு கோப்பு நின்றால் அது இயல்பு. நிலம் அதற்குப் பிறகு யாருக்குப் போனது என்பதை பத்திரப் பதிவேட்டில்தான் பார்க்க வேண்டும்.

அட்டவணையில் பெயரே இல்லை என்றால்? இதுதான் கிராமப்புறத்தில் அடிக்கடி நடப்பது. உயிலை இறந்து நான்கு வருடத்துக்குள் நீதிமன்றத்துக்குக் கொண்டுவர வேண்டும், பலர் கொண்டுவருவதில்லை. தாமதத்துக்கு அந்த மனுதாரர் காரணமில்லை என்று காட்டினால், நிறைவேற்றுநர் யாரையும் நியமிக்காமல் உயிலையே உரிமைப் பத்திரமாக ஏற்றுக்கொள்ளும் வழி ஒன்று இருக்கிறது. அந்தக் கோப்பில் அதிகாரக் கடிதம் இருக்காது, இல்லையே என்று பதற வேண்டாம். உயிலே இல்லை என்றால், பக்கத்தில் இருக்கிற நிலப் பத்திர அட்டவணையைத் திறந்து வாரிசு பிரமாணப் பத்திரம் தேடுங்கள். குடும்பத்தைத் தெரிந்தவர்கள் ‘இன்னாருக்கு இன்னின்ன பிள்ளைகள்’ என்று சத்தியம் செய்து பதிந்தது. எந்த நீதிபதியும் பார்த்துக் கையெழுத்திட்டது கிடையாது, ஆனால் பதிவேட்டில் ஐந்து வருடம் இருந்துவிட்டால் நீதிமன்றம் அதை முதல்நோக்கில் சாட்சியமாக ஏற்கும், தப்பு என்று எதிராளி நிரூபிக்கலாம். போன மாதம் பதிந்த பிரமாணப் பத்திரத்தை வைத்து ஒருவர் விற்க வந்தால் நான் ஒரு படி பின்வாங்குவேன்.

விதவை மட்டும் கையெழுத்துப் போடுகிறார் என்றாலும் நிதானம் தேவை. கல்யாணத்துக்குப் பிறகு வாங்கிய நிலம் பொதுவாக இருவருக்கும் பாதிப் பாதி. உயில் இல்லாமல் கணவர் இறந்து, பிள்ளைகள் எல்லோரும் அந்தத் தம்பதிக்கே பிறந்தவர்கள் என்றால் முழுதும் மனைவிக்கு. கணவருக்கு முதல் தாரத்தில் ஒரு பிள்ளை இருந்தால்கூடப் போதும், அவருடைய பாதி பிள்ளைகளுக்குப் போய்விடும், முதல் தாரத்துப் பிள்ளைக்கும் அதில் பங்கு உண்டு.

நகல் பக்கத்துக்கு 1 டாலர், முத்திரை போட்ட சான்று நகல் என்றால் கூடவே 5 டாலர். மூல உயிலை வெளியே எடுத்துப்போக விடமாட்டார்கள். நேரில் போக முடியாவிட்டால் போன் செய்து இறந்தவரின் பெயர், தோராயமான வருடம் இரண்டையும் சொல்லி, கோப்பு இருக்கிறதா, எத்தனை பக்கம் என்று மட்டும் கேளுங்கள், பல இடங்களில் பார்த்துச் சொல்வார்கள். “இந்த உயில் செல்லுமா, நான் வாங்கலாமா” என்று கேட்டால் வாயைத் திறக்கமாட்டார்கள், சட்ட ஆலோசனை சொல்ல அவர்களுக்கு அனுமதி இல்லை. சின்ன அலுவலகங்களில் ஒரே ஒரு ஆள்தான் இருப்பார், மத்தியானம் பூட்டிவிட்டுச் சாப்பிடப் போயிருக்கலாம், அதனால் கிளம்புவதற்கு முன் நேரத்தையும் கேட்டுக்கொள்ளுங்கள்.