கொலஸ்ட்ரால் ஏறியது, வைரஸ் போனதால்

கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் சி வைரஸுக்கு 12 வாரம் மாத்திரை சாப்பிட்டு முடித்த ஒருவர், கையில் ரிப்போர்ட்டோடு கொஞ்சம் கோபமாகவே வந்தார். ரத்தத்தில் வைரஸ் இல்லை. ஆனால் எல்.டி.எல். என்ற கெட்ட கொலஸ்ட்ரால் 78-இலிருந்து 131 ஆகியிருந்தது. "மாத்திரையால்தானே டாக்டர்?"

மாத்திரையால் அல்ல. இத்தனை நாளும் அந்த எண்ணை அமுக்கி வைத்திருந்தது வைரஸ்தான்.

இந்த வைரஸின் சொத்து, சுமார் 9,600 எழுத்து நீளமுள்ள ஓர் ஆர்.என்.ஏ. (மரபுச் செய்தி) இழையும், அதிலிருந்து கிடைக்கும் 10 புரதங்களும்தான். நகலெடுக்கும் என்சைம் ஒன்று சொந்தமாக உண்டு. சரி, அது உட்கார்ந்து வேலை செய்ய இடம்? அங்கேதான் கல்லீரல் செல் மாட்டிக்கொள்கிறது. வைரஸின் என்.எஸ்.5ஏ புரதம், செல்லின் பி.ஐ.4 கைனேஸ் என்ற என்சைமைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது. அந்த என்சைம் ஒருவகைப் பாஸ்பேட் கொழுப்பை அளவுக்கு மீறி உண்டாக்குகிறது. அதைத் தேடிக் கொலஸ்ட்ராலும் வந்து சேர்கிறது. செல்லின் உட்சவ்வு நுரை நுரையாகப் பொங்கி நிற்கும். நகலெடுப்பு அந்தச் சவ்வுக் குமிழ்களில்தான் நடக்கிறது.

அப்புறம், செல் சேமித்து வைத்திருக்கும் கொழுப்புத் துளிகளின் ஓரத்தில் புது வைரஸ்கள் உருவாகின்றன. வெளியே கிளம்பும்போது கொழுப்பைச் சுமக்கும் செல்லின் அபோ-ஈ புரதத்தையும் கொழுப்பையும் போர்த்திக்கொள்வதால், ரத்தத்தில் அவை சாதாரணக் கொழுப்புத் துகள் மாதிரியே திரியும். இந்தக் கூத்தில் கல்லீரலிலிருந்து ரத்தத்துக்குப் போக வேண்டிய கொழுப்பு உள்ளேயே தேங்குகிறது. ஜீனோடைப் 3 என்ற வைரஸ் வகை இதில் மோசம். ஸ்கேனில் ஃபேட்டி லிவர், ரத்தத்தில் கொலஸ்ட்ரால் வழக்கத்தைவிடக் குறைவு என்று இரண்டும் சேர்ந்து வந்தால், நான் ஹெபடைடிஸ் சி பரிசோதனை எழுதாமல் விடுவதில்லை.

எண்ணெயை நிறுத்தினால் வைரஸ் பட்டினி கிடந்து சாகுமா என்று பலர் கேட்கிறார்கள். சாகாது. செல் தானே கொழுப்பைத் தயாரித்துக்கொள்ளும். வேடிக்கை என்னவென்றால், இந்த வைரஸுக்குத் தரப்படும் சோஃபோஸ்புவிர் மருந்தும் அதே கல்லீரல் செல்லின் என்சைம்கள் சிலவற்றின் தயவில்தான் செயல்படும் வடிவத்துக்கு மாறி, வைரஸின் நகலெடுப்பை நடுவில் நிறுத்துகிறது.

வந்தவரிடம் பழைய 78-ஐ மறந்துவிடச் சொன்னேன். வயது, சர்க்கரை, ரத்த அழுத்தம் எல்லாம் பார்த்து, 131-ஐ வைத்தே அவருடைய இதய ஆபத்தைக் கணக்கிட்டோம்.