ஊசி கேட்டு வரும் பாடகர் குழுவினருக்கு

பெரிய வியாழனுக்கு முந்தின நாள் குரல் கட்டிப்போய் வந்து, "டாக்டர், ஒரே ஒரு ஊசி போட்டுவிடுங்க, சனிக்கிழமை ராத்திரிப் பூசை வரைக்கும் தாங்கினால் போதும்" என்று கேட்பவர்களுக்கு இந்த வருடமும் ஒரே பதில்தான். முடியாது.

மதுரையில் காது மூக்கு தொண்டை மருத்துவம் பார்க்கிறேன். டிசம்பரிலும் தவக்காலக் கடைசியிலும் கோவில் பாடகர் குழுக்காரர்கள் வந்து குவிந்துவிடுவார்கள். டிசம்பர் என்றால் பனியில், திறந்த வண்டியில், ஜெனரேட்டர் சத்தத்துக்கு மேலே கேரல் பாடிவிட்டு வருபவர்கள். தவக்காலம் என்றால் குருத்து ஞாயிறு தொடங்கிப் பாஸ்கா திருவிழிப்பு என்கிற அந்தச் சனிக்கிழமை ராத்திரிப் பூசை வரை ஒரே வாரத்தில் வரும் அத்தனை பாட்டுக்கும் பயிற்சி எடுத்துக் களைத்தவர்கள்.

இதை எழுத வைத்தவர் போன வாரம் வந்த இளைஞர். ஜவுளிக்கடையில் வேலை. பகலெல்லாம் வாடிக்கையாளரோடு பேச்சு, ராத்திரி எட்டு மணிக்கு மேல் பயிற்சி. பெரிய வெள்ளியன்று இயேசுவின் பாடுகளைப் பாடும் திருப்பாடுகளில், கதையைச் சொல்லிப் போகும் உரையாளர் பகுதியும் அவருக்கு, திருவிழிப்பில் பாடும் நீண்ட பாஸ்கா புகழுரையும் அவருக்கு. பாடிக்கொண்டிருக்கும்போதே சட்டென்று குரல் நின்றுவிட்டது. அதற்கப்புறமும் வலி மாத்திரை போட்டுக்கொண்டு பயிற்சிக்குப் போயிருக்கிறார். கேமராவை விட்டுப் பார்த்தால் இடது குரல் நாணில் ரத்தம் கட்டிக் கிடக்கிறது. கையில் ஒரு டப்பா வைத்திருந்தார். பனங்கற்கண்டு, மிளகு, அதிமதுரம், சித்தரத்தை.

அந்த டப்பாவைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே பேசப் போகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் விழுங்கும் எதுவும் குரல் நாணைத் தொடாது. தேன் தொடாது, மிளகுப்பால் தொடாது, வெந்நீரும் தொடாது. சாப்பாட்டுக்கு ஒரு வழி, மூச்சுக்கு ஒரு வழி. குரல் நாண்கள் இருப்பது மூச்சு போகும் வழியில். விழுங்குகிற நொடியில் குரல்வளை மேலே எழும்பி இறுக மூடிக்கொள்கிறது. கண்ணாடி முன் நின்று கழுத்தில் கை வைத்து எச்சில் விழுங்கிப் பாருங்கள், அது மேலே போய் இறங்குவது தெரியும். தப்பித்தவறி ஒரு துளி அந்தப் பக்கம் போனால் என்ன ஆகும்? புரையேறும். கண்ணில் நீர் முட்ட இருமுவீர்கள். அதாவது, நீங்கள் குடித்த கஷாயம் உண்மையிலேயே குரல் நாணில் பட்டிருந்தால் அன்றைக்குப் பூசையில் உங்கள் பாட்டு கேட்டிருக்காது, இருமல்தான் கேட்டிருக்கும்.

"இல்லை டாக்டர், சாப்பிட்டால் இதமா இருக்கே" என்பார்கள். இருக்கத்தான் செய்யும். தொண்டையின் பின்சுவர் நனைகிறது, எச்சில் ஊறுகிறது, கனைப்பது குறைகிறது. என் வீட்டு அடுப்படியிலும் அந்த டப்பா உண்டு. அதிமதுரத்தை வாயில் போட்டுக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருந்தால் எனக்கு ஒரு ஆட்சேபமும் இல்லை. அதைப் போட்டுக்கொண்டு மறுபடியும் மைக் முன்னால் போய் நிற்கிறீர்களே, அங்கேதான் வம்பு. மரத்துப்போக வைக்கும் புதினா மிட்டாய் இன்னும் மோசம். வலிதான் உங்களை நிறுத்தச் சொல்கிறது, அதன் வாயைக் கட்டிவிட்டுப் பாடுகிறீர்கள்.

ஜிகர்தண்டாவின் மீதும் பழி போடாதீர்கள். ஐஸ் குரல் நாணுக்குப் போகாது என்று இப்போது உங்களுக்கே தெரியும். ஆனால் பயிற்சி முடிந்து பதினொரு மணிக்குப் பரோட்டா சால்னாவோ கறிதோசையோ சாப்பிட்டுவிட்டு உடனே படுக்கிறீர்களே, அது உண்மையான காரணம். வயிற்று அமிலம் மேலேறிக் குரல்வளையின் பின்பக்கத்தைப் புண்ணாக்கும். காலையில் கனைத்துக்கொண்டே எழுபவர்கள் இதை யோசிக்க வேண்டும். சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் நடுவில் மூன்று மணி நேரமாவது இருக்கட்டும்.

சரி, குரல் ஏன் கெடுகிறது? உழைப்பால். 440 அதிர்வுள்ள 'ஏ' சுரத்தில், அதாவது ஆறு கட்டையில், பெண்களில் மேல்குரல் பாடும் ஒரு சொப்ரானோ ஒரு நொடி நின்றால் இரண்டு நாண்களும் 440 முறை மோதிக்கொள்கின்றன. இரண்டு ஸ்தாயி கீழே அதே சுரத்தில் நிற்கும், ஆண்களில் அடிக்குரலான பாஸுக்கு 110 முறைதான். இதோடு கத்தலும் சேர்ந்தால், கிணற்றுக் கயிறு இழுத்த கையில் காய்ப்பு காய்க்கிற மாதிரி நாண்களின் நடுவில் சின்ன முடிச்சுகள் வரும். பெரும்பாலும் கத்தி வைக்கத் தேவையில்லை. ஸ்பீச் தெரபிஸ்டிடம் ஒழுங்காகப் போனால் கரைந்துவிடும். ஒழுங்காக என்பதை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள்.

நான்கு குரலாகப் பிரித்துப் பாடும் முறை பேராலயங்களில் வளர்ந்ததில் அழகு மட்டும் இல்லை, தொண்டைக்கும் லாபம் உண்டு. அவரவர் எல்லைக்குள் அவரவர் பாடலாம். நம் குழுக்கள் பலவற்றில் பெண்களில் கீழ்க்குரலான ஆல்டோவுக்குப் பிறந்த பெண்ணும், ஆண்களில் மேல்குரலான டெனர் பையனும் எல்லாரும் 'மெயின் வாய்ஸ்' பாடுகிறார்கள். அதுவும் ஸ்டுடியோவில் பின்னணிப் பாடகர் ஒருவர் பதிவு செய்து கொடுத்த அதே சுருதியில். அவர் அதை ஒரு தடவை பாடினார், சரியாக வராத வரியைத் திரும்ப எடுத்தார். நீங்கள் ஒரே ஞாயிறில் இரண்டு திருப்பலிக்குப் பாடுகிறீர்கள்.

கீபோர்டு வாசிக்கும் தம்பிகளே, உங்களுக்குத்தான் சொல்கிறேன். டிரான்ஸ்போஸ் பட்டனை இரண்டு தடவை குறைத்து அழுத்துங்கள், ஒரு முழுச் சுரம் இறங்கும். விரல் மாற வேண்டாம், பாட்டு மாறாது, பாதிப் பேரின் தொண்டை பிழைக்கும். கோவிலில் உட்கார்ந்திருக்கும் மக்களும் அப்போதுதான் கூடச் சேர்ந்து பாடுவார்கள்.

அடுத்தது சத்தம். சுற்றிலும் இரைச்சல் கூடினால் மனிதன் தன்னை அறியாமல் குரலை உயர்த்துகிறான் என்று 1911-லேயே எழுதி வைத்தார் எத்தியேன் லொம்பார். அவரும் எங்கள் துறைக்காரர்தான். பேட் டிரம், பேஸ் கூட்டிய ஸ்பீக்கர், தலைக்கு மேல் கடகடக்கும் ஃபேன், தன் குரல் தனக்கே கேட்காத பாடகி. அவள் கத்தாமல் என்ன செய்வாள்? கீழவெளி வீதி மரியன்னை பேராலயத்தில் கூட்டமில்லாத நேரத்தில் மெல்ல ஒரு வரி பாடிப் பாருங்கள். அவ்வளவு உயரக் கூரைக்குக் கீழே குரல் தானாக நீளும். அப்படிப்பட்ட இடத்தில் வால்யூமைக் கூட்டக் கூட்டச் சொல் குழம்புகிறது, சொல் குழம்பியதும் பாடகர் இன்னும் கத்துகிறார்.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-இல் திருவழிபாடு பற்றி வெளியிட்ட ஏட்டில் குழாய் ஆர்கனைப் பெரிதும் மதிக்கச் சொன்னது. மக்கள் வாய் திறந்து பங்கெடுக்க வேண்டும் என்பதையும் அதே ஏட்டில் சொன்னது. தவக்காலத்தில் ஆர்கனும் மற்ற கருவிகளும் பாட்டுக்குத் துணையாக மட்டும் ஒலிக்கலாம், நான்காம் ஞாயிறும் விழா பெருவிழா நாட்களும் மட்டும் விலக்கு என்பது திருப்பலி நூலின் பொது விதி. எனக்கு இதைவிட நல்ல மருந்துச் சீட்டு எழுதத் தெரியாது. இந்த வாரங்களில் கீபோர்டைப் பாதியாகக் குறையுங்கள். பதிலுரைப் பாடலின் பல்லவியை மக்களிடம் விடுங்கள். சரணங்களை ஆளுக்கொன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள். திருப்பாடுகள் பாடுபவருக்கே புகழுரையையும் கொடுக்காதீர்கள், ஃபாதர்களே, தயவுசெய்து.

மகரக்கட்டு உடையும் பையன்களை, 12 முதல் 15 வயதுக்காரர்களை, பழைய உச்சத்தில் பாடு என்று விரட்டாதீர்கள். குழுவை விட்டும் அனுப்ப வேண்டாம். வசதியாக வரும் நாலைந்து சுரத்துக்குள் பாடட்டும். மாதவிலக்கை ஒட்டிய நாட்களில் பெண்களின் குரல் நாண் லேசாக வீங்கும், ரத்தக் குழாய்கள் எளிதில் கசியும். அந்த நாட்களில் உச்ச சுரம் வேண்டாம். வலிக்கு ஆஸ்பிரின், இபுப்ரோஃபென் வகை மாத்திரைகளை நீங்களாகப் போட்டுக்கொண்டு பாடவும் வேண்டாம். பாடும் முன் தம்ளரில் தண்ணீர் வைத்து ஸ்ட்ரா வழியாகக் குமிழி விட்டுக்கொண்டே 'ஊ' என்று சில நிமிடம் இழுங்கள். சிரிப்பார்கள், பரவாயில்லை. தண்ணீரைக் காலையிலிருந்தே குடியுங்கள். படியேறும்போது அவசரமாகக் குடித்தது அடுத்த பாட்டுக்கு உதவாது. குரல் கட்டினால் கிசுகிசுப்பதும் ஓய்வாகாது. வாயை மூடுங்கள், போனில் எழுதிக் காட்டுங்கள்.

அந்த ஊசி விஷயம். ஸ்டீராய்டு வீக்கத்தை வற்ற வைக்கும், குரல் வந்த மாதிரி இருக்கும். அடியில் ரத்தக் கசிவு இருந்தால், அந்தத் தைரியத்தில் நீங்கள் பாடும் பாட்டே நிரந்தரத் தழும்பில் கொண்டு விடும். கேமராவில் பார்க்காமல் அதைப் போடும் டாக்டர் யாராக இருந்தாலும் எழுந்து வந்துவிடுங்கள்.

பாட்டின் நடுவில் திடீரென்று குரல் போனால் அந்த நொடியே நிறுத்திவிட்டு, மறுநாளே வாருங்கள். கரகரப்பு மூன்று வாரத்தைத் தாண்டினால் சளி என்று சொல்லிக்கொண்டிருக்காமல் வாருங்கள். புகை பிடிப்பவர்கள், இருமலில் ரத்தம், கழுத்தில் கட்டி, மூச்சுத் திணறல் உள்ளவர்கள் அந்த மூன்று வாரம்கூடக் காத்திருக்கக் கூடாது. மூக்கு வழியாக மெல்லிய கேமரா, சில நிமிட வேலை.

வரும்போது டப்பாவை வீட்டில் வைத்துவிட்டுப் பாட்டுப் பட்டியலையும், எந்தப் பாட்டு எத்தனை கட்டை என்பதையும் எழுதிக்கொண்டு வாருங்கள். கீபோர்டுக்காரரையும் முடிந்தால் கூட்டி வாருங்கள். அவருக்கு ஃபீஸ் கிடையாது.