பெயர் சேவையகப் பழுதுக்கு ஃபோர்மட் மருந்தல்ல

லினக்ஸ் மடிக்கணினியில் இன்டர்நெட் நின்றுவிட்டது, ஃபோர்மட் செய்யச் சொல்கிறார்கள் என்று மட்டக்களப்பில் என்னிடம் வருகிறவர்கள் பலர். தயவுசெய்து அவசரப்படாதீர்கள்.

முதலில் கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் டெர்மினலில், கூகுளின் பொதுச் சேவையகமான 8.8.8.8 என்ற முகவரிக்கு பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் சோதனை) அனுப்புங்கள். பதில் வந்தால் வை-ஃபை, ரவுட்டர், வெளி இணைப்பு எல்லாம் நலம். அடுத்து ஏதாவதொரு இணையத்தளத்தின் பெயருக்கு அனுப்புங்கள். எண்ணிலிருந்து பதில் வந்து, பெயரைக் கண்டறிய முடியவில்லை என்ற செய்தி வந்தால், கோளாறு பெயர் சேவையகத்தில், அதாவது டிஎன்எஸ்ஸில். பெயருக்குரிய ஐபி எண்ணைத் தேடித் தருவது அதன் வேலை. வந்தாறுமூலையில் படிக்கும் மாணவி ஒருவரின் இறுதியாண்டு ஆய்வு முழுவதும், சொன்னபடி ஃபோர்மட் செய்திருந்தால், அழிந்து போயிருக்கும். எப்போதோ நிறுவிய விபிஎன் (இணைப்பை வேறொரு சேவையகம் வழியே அனுப்பும் மென்பொருள்) ஒன்றின் பெயர் சேவையக முகவரி அவருடைய கணினியில் தங்கிவிட்டிருந்தது, அவ்வளவுதான். அதை மாற்றியதும் எல்லாத் தளங்களும் திறந்தன.

பலர் தடுமாறும் இடம், எந்தப் பெயர் சேவையகத்தைக் கேட்பது என்று குறித்திருக்கும் ரிசால்வ்.கான்ஃப் (/etc/resolv.conf) கோப்பு. உபுண்டு என்ற லினக்ஸ் வகையில் அதைத் திறந்தால் 127.0.0.53 என்று இருக்கும். அது பிழையல்ல, கணினிக்குள்ளேயே இயங்கி பெயர்களைத் தேடித் தரும் சிஸ்டம்டி-ரிசால்வ்ட் சேவையின் முகவரி. அதை அழித்துவிட்டு வேறு எண் எழுதினால் சற்று நேரம் வேலை செய்யும், மீள இயக்கியதும் பழையபடி ஆகிவிடும். மாற்ற வேண்டிய இடம் வேறு. நெட்வேர்க் அமைப்பில் உங்கள் இணைப்பைத் திறந்து, ஐபிவி4 பகுதியில் டிஎன்எஸ்ஸுக்குரிய தானியங்கித் தெரிவை நிறுத்தி, 1.1.1.1, 8.8.8.8 என்ற பொதுப் பெயர் சேவையகங்கள் இரண்டையும் இடுங்கள். பிறகு இணைப்பைத் துண்டித்து மீண்டும் இணையுங்கள்.

கைத்தொலைபேசியில் அதே வை-ஃபை வேலை செய்கிறதே என்பார்கள். மொபைல் டேட்டாவை நிறுத்திவிட்டுப் பாருங்கள். வை-ஃபை சரியில்லாதபோது பல தொலைபேசிகள் சத்தமில்லாமல் டேட்டாவுக்கு மாறிவிடும். கணினியின் திகதியையும் கவனியுங்கள். மதர்போர்ட் பட்டரி இறங்கித் திகதி பல வருடங்கள் பின்னால் போயிருந்தால், பாதுகாப்புச் சான்றிதழ் செல்லாது என்று உலாவி தளங்களை மறுக்கும். அதற்கும் டிஎன்எஸ்ஸுக்கும் தொடர்பில்லை.

8.8.8.8 இலிருந்தே பதில் இல்லையென்றால் ரவுட்டரின் முகவரிக்கு பிங் அனுப்புங்கள், பெரும்பாலும் 192.168.1.1 ஆக இருக்கும். ரவுட்டர் பதில் தந்து, ஃபைபர் பெட்டியில் லொஸ் (LOS, சிக்னல் வரவில்லை என்று காட்டும்) விளக்கு சிவப்பாக எரிந்தால் பழுது லைனில். மாரி மழைக் காலத்தில் இதை முதலிலேயே பார்த்துவிடுங்கள். இணைப்பு வழங்கும் நிறுவனத்தை அழைக்கும்போது அந்தச் சிவப்பு விளக்கைப் பற்றிச் சொல்லுங்கள். கணினியைக் கழற்ற விடாதீர்கள்.