தசமபாகம்

வடமொழியில் 'தசம' என்றால் பத்தாவது, 'பாகம்' என்றால் பங்கு. விளைச்சலிலோ வருமானத்திலோ பத்தில் ஒன்றைச் சபைக்குச் செலுத்துவது தசமபாகம். பழைய தமிழ் வேதாகமத்தால் ஊன்றிய சொல் இது. கத்தோலிக்கரும் படிக்கும் பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியத்தில் 'பத்தில் ஒரு பங்கு' என்றே இருக்கிறது. இலத்தீனில் தெசிமா, பிரெஞ்சில் தீம், ஜெர்மனில் ட்சேன்ட், ஆங்கிலத்தில் டைத். எல்லாம் 'பத்தாவது' என்ற எண்ணுப்பெயரில் பிறந்தவையே.

இன்று இந்தச் சொல்லைக் கேட்டால் விரும்பிப் போடும் காணிக்கைதான் நினைவுக்கு வரும். இடைக்கால ஐரோப்பா பற்றி எழுதும்போது அந்தப் பொருள் பொருந்தாது. அங்கே அது வரி. 585இல் பிரான்சின் மாக்கோனில் கூடிய ஆயர்களின் சங்கம், செலுத்தாதவரைத் திருச்சபையிலிருந்து விலக்கலாம் என்றது. 779இல் பிராங்கிய மன்னர் சார்லமேனின் ஆணை அதை அரசுச் சட்டமாக்கியது. 10ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்து மன்னர்களும் அபராதத்தோடு கட்டாயமாக்கினர்.

பங்கு மூன்று வகை: நிலத்தில் விளைவது; ஆட்டுக்குட்டி, கம்பளி, பால் போலக் கால்நடை தருவது; கைத்தொழில், வணிக ஆதாயம். முதல் வகையில் ஏமாற்றுவது கடினம். அறுத்த வயலிலேயே கட்டுகளை எண்ணிப் பத்தாவதை ஒதுக்க வேண்டும். மூன்றாவது வகைதான் வசூலாகாமல் இழுபறியானது. வணிகரின் ஆதாயத்தை வயலில் நின்று எண்ண முடியாதே!

பத்துக்குக் குறைந்தால் என்ன செய்வது? ஆட்டுக்குட்டிகளுக்கு இங்கிலாந்துத் திருச்சபை விதி ஒரு கணக்கு வைத்திருந்தது. ஆறு வரை என்றால் குட்டிக்கு அரைப் பென்னி காசு. ஏழு இருந்தால் ஒரு குட்டியைக் குருவுக்குக் கொடுத்துவிட்டு, குறைகிற மூன்றுக்கு மூன்று அரைப் பென்னியை அவரிடமிருந்து பெற்றுக்கொள்ளலாம்.

உழவரை உறுத்தியது வேறொன்று. விதையும் கூலியும் கழிக்காமல் மொத்த விளைச்சலில்தான் பங்கு. விதைத்ததுபோல் நான்கு மடங்கு விளைந்தாலே அன்று சுமாரான மகசூல். 100 மரக்கால் விளைந்தால் 25 அடுத்த விதைப்புக்கு, மிச்சம் 75. அதிலிருந்து 10 போனால், உண்மையில் நூற்றுக்குப் பதின்மூன்றுக்கு மேல். 1215இல் திருச்சபையின் பொதுச்சங்கமான நான்காம் லாத்தரன் சங்கம், மற்ற வரி வாடகைகளுக்கு முன்பே இதைச் செலுத்த வேண்டும் என்றும் சொல்லிவிட்டது.

ஆயருக்கு, குருமாருக்கு, கோயில் பராமரிப்புக்கு, ஏழைகளுக்கு என நான்காகப் பிரிப்பது ஏட்டு விதி. நடைமுறையில் பல ஊர்க் கோயில்களுக்கு வரும் பத்தில் ஒன்றின் உரிமையை மடங்கள் எடுத்துக்கொண்டன. தானியம், உலர்புல் போன்ற 'பெரிய' பங்கு மடத்துக்கு. முட்டை, காய்கறி போன்ற 'சிறிய' பங்கு அங்கே பதிலாளாக அமர்த்திய குருவுக்கு. அவரை ஆங்கிலத்தில் 'விகார்' என்பார்கள்; அந்தச் சொல்லுக்கே பதிலாள் என்றுதான் பொருள். (இங்கிலாந்தில் 'தசமபாகக் களஞ்சியம்' என்று காட்டப்படும் கட்டடங்கள் பல, மடத்தின் சொந்தப் பண்ணைக் களஞ்சியங்களே. கிரேட் காக்ஸ்வெல் ஊரிலுள்ள களஞ்சியம் அப்படிப்பட்டது.)

பிரான்சில் 1789 புரட்சி இதை ஒழித்தது. இங்கிலாந்தில் 1836 சட்டம் விளைபொருளாகக் கொடுத்த பங்கைப் பணமாக மாற்றியது.

இந்த வரியைத் தமிழில் என்ன சொல்வது? 'காணிக்கை' தவறு, கட்டாயம் அதில் இல்லை. 'மகமை' வணிகர் தம்முள் கூடி வகுத்துக்கொள்வது. 'மேரை' களத்தில் ஊர்ப் பணியாளருக்கு அளப்பது. 'தேவதானம்' கோயிலுக்கு விட்ட நிலம். சிலர் எழுதும் 'பதின்கூறு' பத்துக் கூறுகள் என்றும் பொருள்படும். மன்னனுக்குரிய இறையை 'ஆறில் ஒன்று' என்று சொன்ன மரபு நம்மிடம் இருக்கிறது. பரிமேலழகர் உரையிலேயே உண்டு. அந்த வார்ப்பில் 'பத்திலொன்று', சட்டப் பொருள் வேண்டும் இடத்தில் 'பத்திலொன்று இறை'. வேதாகமப் பகுதியையோ இன்றைய சபை வழக்கத்தையோ பேசும்போது 'தசமபாகம்' அப்படியே இருக்கட்டும்.