கேட்ஜெட்: பெயர் மறந்தவர்களின் சொல்

மதுரைப் பெரியார் பேருந்து நிலையத்துக்கு அருகிலுள்ள மீனாட்சி பஜாரில், கைப்பேசி உறைகளும் மின்னேற்றிகளும் விற்கும் கடைகளின் முன்னே கால் மணி நேரம் நின்றால், பெயர் தெரியாத பொருளைக் கேட்டு வாங்க இவ்வூர்க்காரர்கள் வைத்திருக்கும் சொற்கள் அத்தனையும் காதில் விழுந்துவிடும். "அண்ணே, வண்டி ஹேண்டில்பார்ல போனை மாட்டுற ஐட்டம் இருக்கா?" என்பார் ஒருவர். கழுத்தில் மாட்டிக்கொள்ளும் காற்றாடியை "அந்த ஃபேன் சாமான்" என்று இன்னொருவர் கேட்பார். கடைக்காரர் ஒருமுறைகூடக் குழம்புவதில்லை. பேச்சில் ஐட்டம், சாமான், டப்பா என்று இவ்வளவு இயல்பாகப் புழங்கும் இப்பொருள்கள், எழுத்துக்கு வந்தவுடன் 'கேட்ஜெட்' என்னும் ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றன. அச்சொல் ஆங்கிலத்தில் பிறந்ததும் ஏறத்தாழ மீனாட்சி பஜாரில் நடப்பதைப் போன்ற ஒரு சூழ்நிலையில்தான் என்பதே இதை எழுதத் தூண்டியது.

முதலில் பொருளை வரையறுத்துக்கொள்வோம். ஒரு குறிப்பிட்ட வேலைக்கென்று அமைந்ததாய், அளவில் சிறியதாய், அமைப்பில் ஏதேனும் ஒரு புதுமையோ தந்திரமோ உடையதாய் இருக்கும் பொருளே கேட்ஜெட். இம்மூன்றில் ஒன்று குறைந்தாலும் அச்சொல் பொருந்தாது. குளிர்பதனப்பெட்டிக்கு வேலை உண்டு, நுட்பமும் உண்டு. ஆயினும் அதை எவரும் கேட்ஜெட் என்பதில்லை. சுத்தியல் சிறியதுதான், ஆனால் அதைக் கையில் எடுத்து "அட!" என்று யாரும் வியப்பதில்லை. அந்த 'அட' இச்சொல்லின் பொருளில் ஒரு பகுதியாகவே இருக்கிறது. மொழிபெயர்க்கும்போது முதலில் தொலைந்துபோவதும் அதுதான்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஆங்கிலக் கப்பல்களில் இச்சொல் வழங்கியது. கப்பலில் கயிறு, கப்பி, கொக்கி, ஆணி என்று நூற்றுக்கணக்கான உறுப்புகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் தனிப் பெயர் உண்டு. அவசரத்தில் பெயர் நினைவுக்கு வராத மாலுமி, அந்தப் பொருளை ஏதேனும் ஒரு பொய்ப்பெயரால் சுட்டினான். 1886-இல் வெளிவந்த ஓர் ஆங்கிலக் கடற்பயண நூல் அப்படிப்பட்ட பொய்ப்பெயர்கள் சிலவற்றை வரிசைப்படுத்துகிறது. இச்சொல்லுக்கு அகராதிகள் காட்டும் பழைய அச்சுச் சான்றுகளுள் அது முதன்மையானது. ஆகவே கேட்ஜெட் என்பது முதலில் எந்தப் பொருளின் பெயருமன்று. பெயர் வராதபோது வாயில் வந்த நிரப்புச் சொல். நம் 'ஐட்டம்' செய்யும் அதே வேலையை அன்று அது செய்தது.

மாலுமிகள் அதை எங்கிருந்து எடுத்தார்கள் என்பதற்கு உறுதியான விடை கிடையாது. பலரும் ஏற்கத்தக்கதாகக் கருதுவது 'காஷெத்' என்னும் பிரெஞ்சுச் சொல்லை. பூட்டின் நாக்கைப் பற்றிக்கொள்ளும் சிறு கொக்கிக்கும், துப்பாக்கியின் விசைக்கும் அதுவே பெயர். இதைவிடப் பன்மடங்கு புகழ்பெற்ற கதை ஒன்று இணையத்தில் உலவுகிறது. நியூயார்க்கின் சுதந்திரதேவி சிலை பாரிசில் 'காஜே, கோத்தியே' என்னும் நிறுவனத்தின் பட்டறையில் உருவானது. அந்நிறுவனம் சிலையின் சிறு வடிவங்களைச் செய்து தன் பெயரைப் பொறித்து விற்றதாகவும், காஜே என்ற அப்பெயரே அமெரிக்கர் வாயில் கேட்ஜெட் ஆனதாகவும் கதை சொல்லும். பட்டறை உண்மை, சிலை 1886 அக்டோபர் 28 அன்று திறக்கப்பட்டதும் உண்மை. ஆனால் அதே 1886-இல் அச்சான கடற்பயண நூல் இச்சொல்லை மாலுமிகளிடையே ஏற்கெனவே புழங்கிய ஒன்றாகக் காட்டுகிறது என்னும்போது, கதை தானாகவே சாய்ந்துவிடுகிறது. சொற்பிறப்புக் கதைகளில் நிறுவனப் பெயரும் நாளும் எவ்வளவு கச்சிதமாகப் பொருந்துகின்றனவோ, அவ்வளவு ஐயப்பட வேண்டும் என்பது என் வழக்கம்.

1945-இல் இச்சொல்லுக்கு ஒரு கொடிய அத்தியாயமும் சேர்ந்தது. அமெரிக்க அணுகுண்டுத் திட்டத்தில் பணியாற்றிய அறிவியலாளர்கள் 'குண்டு' என்ற சொல்லை வாய்விட்டுச் சொல்லாமல், தாங்கள் உருவாக்கியதைக் 'கேட்ஜெட்' என்றே குறிப்பிட்டனர். அவ்வாண்டு ஜூலை 16 அன்று நியூமெக்சிகோ பாலைவனத்தில் வெடித்த முதல் அணுகுண்டுக்கு அதுவே பெயராக நின்றது. மாலுமி பெயரை மறந்ததால் அப்படிச் சொன்னான். இவர்கள் பெயரை மறைப்பதற்காகச் சொன்னார்கள்.

இதன் உறவுச் சொற்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கைப்பேசித் திரையில் நேரமும் வானிலையும் காட்டும் 'விட்ஜெட்', 1924-இல் அரங்கேறிய ஓர் அமெரிக்க நாடகத்தில், ஆலை ஒன்று உற்பத்தி செய்யும் இன்னதென்று தெரியாத பொருளுக்கு வைத்த பெயராக வருகிறது. கேட்ஜெட்டின் ஒலியைத் திரித்து அமைத்ததாக இருக்கலாம். 'கிஸ்மோ' இரண்டாம் உலகப்போர்க் கால அமெரிக்கப் படையினரின் பேச்சிலிருந்து வந்தது.

இனித் தமிழுக்கு வருவோம். வழக்கில் மூன்று சொற்கள் போட்டியிடுகின்றன: சாதனம், உபகரணம், கருவி. முதலிரண்டும் வடமொழி வழி வந்தவை. சாதனம் என்பது ஒன்றைச் சாதிக்க உதவுவது; பழைய பத்திரங்களில் அதற்கு ஆவணம் என்ற பொருளும் உண்டு. இன்றைய வழக்கில் 'வீட்டு உபயோக சாதனம்' என்ற தொடரில் குடியேறிவிட்டதால், அதைக் கேட்டவுடன் துவைக்கும் இயந்திரமும் அரைக்கும் இயந்திரமுமே மனத்தில் எழுகின்றன. உபகரணம் பள்ளி ஆய்வகத்தையும் உடற்பயிற்சிக் கூடத்தையும் விட்டு நகர மறுக்கிறது. இரண்டிலும் சிறுமையும் இல்லை, தந்திரமும் இல்லை.

கருவி அவ்வளவு எளிதாக ஒதுக்கத்தக்க சொல்லன்று. தொல்காப்பிய உரியியல் 'கருவி தொகுதி' என்று அதற்குப் பொருள் கூறுகிறது. சங்கப் பாடல்களில் வரும் 'கருவி வானம்' என்பது இடி, மின்னல், மழை ஆகியவை திரண்ட மேகத் தொகுதி. பல உறுப்புகள் கூடி ஒன்றாவது என்னும் இக்கருத்து, ஒரு சிறு பெட்டிக்குள் மின்கலமும் திரையும் ஒலிபெருக்கியும் திணிக்கப்பட்ட பொருளுக்கு எவ்வளவு பொருத்தம்! ஆனால் கருவிக்கு இன்னொரு பொருளே வலுவாக வேரூன்றிவிட்டது. இலக்கணத்தில் மூன்றாம் வேற்றுமையின் பொருள்களுள் ஒன்று கருவி. 'வாளால் வெட்டினான்' என்பதில் வாள் கருவி, வெட்டுதல் வினை. 'அருவினை யென்ப உளவோ கருவியான் காலம் அறிந்து செயின்' என்னும் குறளிலும், வினையை முடிக்கத் துணைநிற்பதாகவே அது வருகிறது. வினை இல்லையேல் கருவி இல்லை.

இங்கேதான் இணையத்தில் உலவும் விந்தைப் பொருள்கள் நம்மைச் சோதிக்கின்றன. மரத்தாலான ஒரு சிறு பெட்டி. மேலே ஒரு நிலைமாற்றி. அதை இயக்கினால் மூடி திறக்கிறது. உள்ளிருந்து ஒரு கை வெளியே நீண்டு, நிலைமாற்றியைத் தானே அணைத்துவிட்டு உள்ளே சென்று மூடிக்கொள்கிறது. அவ்வளவுதான். அதற்கு வேறு வேலையே கிடையாது. 1952-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் மார்வின் மின்ஸ்கி என்ற அறிவியலாளர் எண்ணியதை, அங்கிருந்த இன்னோர் அறிவியலாளர் கிளாட் ஷானன் செய்துகாட்டியது இது. இன்று விளையாட்டுப் பொருளாக விலைக்கே கிடைக்கிறது. தன்னை அணைத்துக்கொள்வதன்றி எந்த வினைக்கும் துணைநில்லாத இப்பெட்டியைக் கருவி என்று அழைக்க இலக்கண மனம் ஒப்புவதில்லை. ஜப்பானியரான கென்ஜி காவகாமி 'சிந்தோகு' என்று பெயரிட்டுப் பரப்பிய கண்டுபிடிப்புகளும் இவ்வினத்தவை: காலணி நனையாமலிருக்க அதன் நுனியில் பொருத்தும் குட்டிக் குடை, நூடுல்சை ஆற்றுவதற்கு உண்குச்சியில் மாட்டிய காற்றாடி, தவழும் குழந்தையின் உடுப்பிலேயே தைத்த தரைத்துடைப்பான். இவற்றைப் பயன்படுத்த முடியும். ஆனால் எவரும் பயன்படுத்த மாட்டார்கள். சிந்தோகு என்ற ஜப்பானியச் சொல்லுக்கு விந்தைக் கருவி என்பதே பொருள். 1995-இல் ஆங்கிலத்தில் வந்த அவருடைய தொகுப்பில் நகைப்புக்கென்று இடம்பெற்றிருந்த ஒரு நீண்ட கோல், பிற்காலத்தில் 'செல்ஃபி ஸ்டிக்' என்னும் தற்படக் கோலாகி, திருமலை நாயக்கர் மகாலின் தூண்களுக்கிடையே சுற்றுலாப் பயணிகளின் கைதோறும் நீண்டது என்பதையும் சொல்லியாக வேண்டும். நம் ஊரில் இத்தகைய பொருளைக் 'கவைக்கு உதவாதது' என்பார்கள். கவட்டைக் கோலாக நடுவதற்குக்கூட ஆகாத மரம் என்று அத்தொடருக்கு விளக்கம் சொல்வதுண்டு.

வேலையைவிட அமைப்பின் தந்திரத்தையே முதன்மையாகக் காட்டும் தமிழ்ச் சொல் ஒன்று வேண்டும். அது பொறி. அதற்குச் சான்று தேட மதுரையைவிட்டு வெளியே போக வேண்டியதில்லை. சிலப்பதிகாரத்தின் அடைக்கலக் காதையில், மாதரி கண்ணகியை அழைத்துக்கொண்டு மதுரைக் கோட்டை வாயிலைக் கடந்து தன் வீட்டுக்குச் செல்லும்போது, மதிலில் அமைந்திருந்த பொறிகளின் பட்டியல் ஒன்று வருகிறது. 'வளைவிற் பொறி' என்பது வளைந்து தானே அம்பு எய்யும் வில் என்று உரை கூறும். நெருங்குவோரைக் கடிக்கும் கரிய விரல்களையுடைய குரங்கு வடிவம், மதிலைப் பற்றுவோர் கையைக் குத்தும் ஊசி, பறந்துசென்று தாக்கும் சிரல், அதாவது மீன்கொத்தி வடிவம், ஏறுவோர் உடலைக் கிழிக்கும் பன்றி வடிவம் என்று அது நீள்கிறது. மேலே சொன்ன கவையும் அப்பட்டியலில் ஓர் ஆயுதமாக நிற்கிறது. இவை உண்மையில் மதிலில் இருந்தனவா, கவிஞரின் கற்பனையா என்பது வேறு வாதம். இத்தகைய பொருள்களுக்கு அன்றைய தமிழ் பொறி என்ற சொல்லை வைத்திருந்தது என்பதே நமக்கு வேண்டியது. சீவக சிந்தாமணியில் சீவகனின் தாய் விசயை ஏறிப் பறக்கும் மயிற்பொறியையும் இதனுடன் வைக்கலாம். துணித்துண்டு, பசை, நூல், அரக்கு, மெழுகு ஆகியவற்றைக் கொண்டு ஏழே நாளில் அது செய்து முடிக்கப்பட்டதாகக் காப்பியம் சொல்கிறது. வீட்டிலேயே ஒட்டிச் செய்து காணொளியில் காட்டுபவர்களுக்கு இதைவிட நல்ல முன்னோடி கிடையாது.

எந்திரம் என்ற சொல்லை ஏன் கொள்ளவில்லை என்று கேட்கலாம். அதுவும் பழையதே. ஐங்குறுநூற்றில் 'கரும்பின் எந்திரம்' யானையின் பிளிறலுக்கு எதிர்முழக்கம் செய்யும் ஊராகத் தேனூர் பாடப்படுகிறது. மதுரைக்கு அருகே வைகைக் கரையிலுள்ள தேனூரே அது என்பது இப்பகுதியினர் பெருமையுடன் சொல்லும் செய்தி. ஆனால் யானையோடு போட்டியிட்டு முழங்கும் ஒன்றை எப்படிக் கையடக்கமானது என்பது? எந்திரம் அன்றும் பெரியது, இன்றும் பெரியது.

பொறிக்கு அகராதியில் பொருள் பல. ஐம்புலன்களின் வாயில்களும் பொறிகள், தீயிலிருந்து தெறிப்பதும் பொறி, முத்திரையும் பொறி, பாண்டியர் கொடியிலும் காசிலும் நின்ற கயல் அவர்களுடைய பொறி. இவை அனைத்தும் ஒரே வேரில் கிளைத்தவை என்று நான் வாதிட வரவில்லை. ஆயினும் அசையும் உறுப்பே இல்லாத மின்னணுப் பொருளைப் பொறி எனலாமா என்ற தயக்கத்துக்கு இவற்றில் விடை இருக்கிறது. சிலிக்கான் வில்லையின்மீது ஒளியின் துணையால் சுற்றுகளின் வடிவத்தைப் பொறித்தே சில்லுகள் செய்யப்படுகின்றன. வெப்பத்தையும் ஒளியையும் அசைவையும் உணரும் உணரிகள், கண்ணும் காதும் போலவே புறத்தை அறியும் பொறிகளாகின்றன. தடை ஒன்று உண்டு. பொறியியல், பொறியாளர் என்ற சொற்கள் நிலைபெற்றுவிட்டதால், தனிப் பொறி என்றால் பெரிய இயந்திரத்தின் நினைவு வரக்கூடும். ஆகவே 'சிறுபொறி' என்று அடைகொடுத்து வழங்குவதே தக்கது. மேற்சொன்ன வேலையற்ற பெட்டியையும் சிந்தோகு வகையினவற்றையும் 'விந்தைப்பொறி' எனலாம். செவிக்கருவி, அளவுக்கருவி போன்று வினை தெளிவாக உள்ள இடங்களில் கருவியை அப்படியே விட்டுவிட வேண்டும். எழுதுபவர் கவனிக்க வேண்டிய இன்னொன்று றகரம். ஆயுத பூசைக்குக் கருவிகளைத் துடைத்துப் பொட்டிட்டு முன்னே வைப்பது பொரி. இடையின ரகரத்தைப் போட்டுவிட்டால் உங்கள் சிறுபொறியைக் கடலையுடன் கலந்து சாப்பிட்டுவிடுவார்கள்.

சொல்லை ஆக்கியவனே அதைக் கடையில் சொல்லிப் பார்க்காமலிருப்பது முறையன்று என்று எண்ணி, மீனாட்சி பஜாரில் எனக்குப் பழக்கமான கடைக்காரரிடம், "புதுசா ஏதாவது சிறுபொறி வந்திருக்கா தம்பி?" என்று கேட்டேன். அவர் ஒரு நொடி என்னைப் பார்த்தார். பிறகு, தெருவின் அந்தப் பக்கம் கையைக் காட்டி, "எலிக்குத்தானேண்ணே? அது இரும்புக் கடையில கிடைக்கும்" என்றார். எலிப்பொறியைத் தவிர வேறு பொறியை அவர் அறிந்திருக்கவில்லை. அதை விரித்துவைத்து, தேங்காய்ச் சில்லைச் செருகி, எலி தொட்டவுடன் விடுபடும் அந்தச் சிறு கொக்கியைத்தான் பிரெஞ்சுக்காரர்கள் காஷெத் என்கிறார்கள்.