மீன்தொட்டிக் கல்லை அடுப்பில் ஏற்றாதீர்கள்

அப்பாவுக்கு மூச்சிரைப்பு, பிள்ளைக்குக் குளிர்காய்ச்சல், எல்லோர் வாயிலும் இரும்பை நக்கியது போன்ற கசப்பு. சாப்பாடுதான் ஒத்துக்கொள்ளவில்லை என்று குடும்பமே சத்தியம் செய்யும். “வீட்டில் கடல்மீன் தொட்டி இருக்கிறதா?” என்று கேட்ட பிறகுதான் உண்மை வெளியே வரும். தொட்டியில் இருந்த கல்லைச் சுத்தம் செய்கிறேன் என்று சமையலறையில் கொதிக்க வைத்திருப்பார்கள். இப்படி இன்னும் எத்தனை பேர் மருத்துவமனைக்கு வரப்போகிறார்கள்?

அந்தக் கல்லில் ஒட்டி வளர்வது ஜோவாந்திட் என்ற, பவளம் போன்ற கடலுயிர். கடையில் ஜோவா, பாலி, பட்டன் பாலிப் என்பார்கள். சட்டைப் பொத்தான் அளவில் ஒரு வட்டத் தட்டு, ஓரமெல்லாம் குட்டை இழைகள். பளிச்சென்ற நிறத்தில் சிறியதாக இருப்பது பெரும்பாலும் ஜோவாந்தஸ். பழுப்பிலோ மங்கிய பச்சையிலோ சற்றுப் பெரிதாக, தண்டுச் சதையில் மணல் துகள் பதிந்து நெறுநெறுவென்று இருந்தால் பாலித்தோவா. பாலிடாக்சின் என்ற கொடிய நஞ்சு அதிகம் காணப்படுவது இதில்தான். அதற்காக ‘என்னுடையது ஜோவாந்தஸ், பயமில்லை’ என்று இருக்காதீர்கள். எதில் எவ்வளவு நஞ்சு என்று கண்ணால் பார்த்துச் சொல்ல யாராலும் முடியாது. காசு கொடுத்து வாங்காமல் கல்லோடு ஒட்டி வந்து தொட்டியெங்கும் பரவுகிற பழுப்பு வகையைத்தான் ஒழித்துக்கட்ட நினைப்பார்கள். ஆபத்தும் அங்கேதான்.

‘கொதித்தால் விஷம் போய்விடும்.’ இதைக் கேட்டாலே எரிச்சல் வருகிறது. கொதித்தால் சாவது கிருமி. பாலிடாக்சின் கிருமி அல்ல, ஒரு வேதிப்பொருள். வெந்நீரில் அது அழியாது. குக்கரில் வைத்தாலும் மைக்ரோவேவில் வைத்தாலும் அழியாது. ஆவியோடு நுண்துளியாகக் கிளம்பி வீடு முழுக்கப் பரவும். அடுத்த அறையில் தூங்கும் பாட்டியும் அதைத்தான் சுவாசிப்பார். துணி மாஸ்க் இதற்கு உதவாது. வெயிலில் காயவைத்துத் தேய்ப்பதும் தீர்வல்ல, அப்போது தூசியாகப் பறக்கும். 2018இல் இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்ட்ஷயரில் ஒரு வீட்டில் தொட்டிப் பவளத்தைச் சுத்தம் செய்தபோது, உதவிக்கு வந்த தீயணைப்பு வீரர்கள் உட்பட 10 பேர் மருத்துவமனைக்குப் போனார்கள். (1971இல் இந்த நஞ்சு முதலில் பிரித்தெடுக்கப்பட்டது ஹவாயின் பாலித்தோவாவிலிருந்து. அங்கே பழைய காலத்தில் அதை ஈட்டிமுனையில் தடவினார்களாம்.)

கல்லைத் தொடும் முன் நைட்ரைல் கையுறை, கண்ணை முழுதாக மூடும் கண்ணாடி. கையில் கீறல் இருந்தால் அன்றைக்கு வேலையே வேண்டாம். வெட்டுவதானால் தண்ணீருக்குள் வைத்து வெட்டுங்கள். மின்ரம்பம், பிரஷ், பிரஷர் வாஷர் எதுவும் கூடாது.

ஒழிக்கத்தான் வேண்டுமென்றால் கல்லைத் தொட்டியிலிருந்து எடுத்து, வீட்டுக்கு வெளியே ஒரு வாளியில் வையுங்கள். 5–6 சதவீத ப்ளீச் ஒரு பங்கு, தண்ணீர் 10 பங்கு, அப்போதே கலந்தது. கல் முழுக்க மூழ்கி அரைமணி நேரமாவது ஊறட்டும். அதில் வினிகரோ பாத்ரூம் ஆசிடோ சேர்த்துவிடாதீர்கள், குளோரின் வாயு வரும். அது தனிக் கதை.

சாறு கண்ணில் தெறித்தால் ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே கண் மருத்துவரைப் பாருங்கள். கருவிழியே கரைந்து ஓட்டை விழுந்தவர்கள் உண்டு. ஆவியைச் சுவாசித்திருந்தால் நாய், பூனை உட்பட எல்லோரும் உடனே வெளியேறுங்கள். இருமலும் காய்ச்சலும் சில மணி நேரம் கழித்தும் வரலாம். ‘இப்போது நன்றாகத்தானே இருக்கிறேன்’ என்று வீட்டிலேயே உட்காராதீர்கள்.

மருத்துவமனையில் முதல் வார்த்தையாக ‘பாலிடாக்சின்’ என்று சொல்லுங்கள், சீட்டிலும் எழுதிக் கொடுங்கள். டியூட்டி டாக்டர் கேள்விப்பட்டிருக்காமல் போகலாம். அது அவர் குற்றமல்ல, பாடத்தில் இதற்கு அவ்வளவுதான் இடம். மாற்று மருந்து கிடையாது. ஆக்சிஜனும் நெபுலைசரும் கொடுத்து, ஈசிஜி, ரத்தத்தில் பொட்டாசியம், சிபிகே (தசைச் சிதைவைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) பார்த்துக்கொண்டே இருப்பதுதான் சிகிச்சை.

இன்னொன்று, கெஞ்சியே கேட்கிறேன். கல்லைக் கொதிக்க வைத்த பாத்திரத்தைக் கழுவிவிட்டு அதிலேயே ரசம் வைக்காதீர்கள். தூக்கிப் போட்டுவிடுங்கள்.