தகர மனிதன் வேடமும் பட்டி எப்சனின் நுரையீரலும்

கல்யாண வரவேற்புகளில் உடம்பெல்லாம் வெள்ளி பூசிக்கொண்டு சிலை மாதிரி நிற்கும் இளைஞர்களைப் பார்த்திருப்பீர்கள். அப்படி நிற்கிற ஒருவர் போன வாரமும் மூச்சு வாங்க வாங்க என்னிடம் வந்தார். கூட வந்தவர்கள் சொன்னதும் நான் எப்போதும் கேட்பதுதான்: "பெயிண்ட் தோல் துவாரத்தை அடைச்சிடுச்சு டாக்டர், உடம்பு மூச்சு விட முடியலை." இதைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. அதனால் 1938இல் ஹாலிவுட்டில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

ஹாலிவுட் நடிகர் பட்டி எப்சனுக்கு அப்போது வயது 30. டாக்டராக ஆசைப்பட்டு ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தவர், வீட்டில் பணக்கஷ்டம் வந்ததும் படிப்பை விட்டுவிட்டு நியூயார்க் போய், தங்கை வில்மாவோடு ஜோடியாக ஆடிப் பெயர் வாங்கினார். 1936இல் குட்டி நட்சத்திரம் ஷெர்லி டெம்பிளோடு ஆடி நடித்தார். 'தி விசார்ட் ஆஃப் ஓஸ்' என்ற மாயாஜாலக் கதைப் படத்தில் முதலில் அவருக்குக் கிடைத்தது சோளக்கொல்லை பொம்மை வேடம். அதே படத்தில் நடித்த ரே போல்கர் அதைத்தான் விரும்பினார் என்பதால் இவர் மறுப்பேதும் சொல்லாமல் தகர மனிதன் வேடத்துக்கு மாறிக்கொண்டார்.

முகத்தில் வெள்ளை மேக்கப் போட்டு, அதன் மேல் சுத்தமான அலுமினியப் பொடியைத் தூவினார்கள். படப்பிடிப்பு தொடங்கிக் கொஞ்ச நாள்தான் ஆகியிருக்கும், ஒரு ராத்திரி அவருக்குக் கைவிரல்கள் இழுத்துக்கொண்டன, மூச்சு முட்டியது. (மூச்சு வேகமாக வாங்கும்போது விரல் இப்படி இழுப்பதை அவசரப் பிரிவில் அடிக்கடி பார்க்கிறோம்.) ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்துத்தான் அவரைக் காப்பாற்ற வேண்டியிருந்தது. படம் அவர் கையை விட்டுப் போனது. அவர் இடத்துக்கு ஜாக் ஹேலி வந்தார். ஸ்டூடியோ அவருக்குப் பொடி தூவவில்லை, அதே அலுமினியத்தைப் பசையாகக் குழைத்துப் பூசியது. அதிலும் ஹேலிக்குக் கண்ணில் தொற்று வந்தது, ஆனால் நுரையீரல் தப்பியது. வித்தியாசம் எங்கே என்று இதிலேயே தெரிகிறதா இல்லையா?

தோல் வழியாக நாம் மூச்சு விடுவதில்லை. தவளை விடும், மனிதன் விடமாட்டான். நமக்குத் தேவையான ஆக்சிஜன் கிட்டத்தட்ட முழுவதும் மூக்கு, வாய் வழியாக நுரையீரலுக்குத்தான் போகிறது. 1964இல் வந்த 'கோல்ட்ஃபிங்கர்' என்ற ஜேம்ஸ் பாண்ட் படத்தில் உடம்பு முழுக்கத் தங்கம் பூசப்பட்ட பெண் மூச்சுத் திணறிச் சாவதாகக் காட்டினார்கள், அந்தக் கதைதான் உலகம் முழுக்கப் பரவியது. அந்த வேடத்தில் நடித்த ஷெர்லி ஈட்டனுக்கு ஒன்றும் ஆகவில்லை. உடம்பு முழுக்கப் பூசினால் வியர்வை தடைபட்டுச் சூடு ஏறலாம், அது வேறு பிரச்சினை. இந்தக் கட்டுக்கதையை நம்புகிறவர் என்ன செய்கிறார் தெரியுமா? தோல் மூச்சு விடட்டும் என்று முதுகில் கொஞ்சம் இடம் விட்டுவிட்டு, முகத்துக்கு நேரே பொடியை ஊதிக்கொள்கிறார்.

எப்சனுக்கு வந்தது 'அலுமினிய அலர்ஜி' என்று இன்னமும் எழுதுகிறார்கள். மூச்சோடு பொடி நுரையீரலுக்குள் இறங்கியதுதான் பிரச்சினை. அலர்ஜி என்று நினைப்பவர் ஒரு மாத்திரையைப் போட்டுக்கொண்டு மறுநாளும் போய் நிற்பார். எனக்குப் பயம் அதுதான்.

"அவர் 95 வயசு வரைக்கும் இருந்தாரே" என்று வாதாடுகிறவர்களும் உண்டு. இருந்தார், சந்தோஷம். டிஸ்னியின் டேவி க்ராக்கெட் தொடரில் நண்பன் ஜார்ஜ் ரஸ்ஸலாக வந்தார். 1961இல் 'பிரேக்ஃபாஸ்ட் அட் டிஃபனிஸ்' படத்தில் மனைவி திரும்பி வருவாள் என்று நம்பி வரும் கிராமத்து மிருக வைத்தியராகச் சில காட்சிகளே வந்து மனதைப் பிசைந்தார். 1962 முதல் 1971 வரை 'தி பெவர்லி ஹில்பில்லீஸ்' தொடரில் ஜெட் கிளாம்பெட், 1973 முதல் 1980 வரை துப்பறிவாளர் பார்னபி ஜோன்ஸ். 2003இல்தான் காலமானார். ஆனால் அவருக்கு உடனே ஆஸ்பத்திரி கிடைத்தது, அந்தப் பொடியை அவர் மறுபடி தொடவும் இல்லை. நீங்கள் முகூர்த்த சீசன் முழுக்கத் தினமும் பூசுகிறீர்கள்.

சரி, செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். பெயிண்ட் கடையில் விற்கும் வெள்ளிப் பொடி மனித முகத்துக்கு இல்லவே இல்லை. அது தீப்பிடிக்கும் பொருளும்கூட, ஆரத்திக்கும் மத்தாப்புக்கும் பக்கத்தில் அதைப் பூசிக்கொண்டு நிற்பீர்களா? முகத்துக்கென்றே செய்த கிரீம் அல்லது தண்ணீரில் கரைக்கும் வகையை வாங்குங்கள். ஸ்ப்ரேயை முகத்தில் அடிக்கவே கூடாது. பொடி தூவித்தான் ஆக வேண்டும் என்றால் ஃபேனை நிறுத்துங்கள், மூச்சைப் பிடித்துக்கொள்ளுங்கள், தூவிவிடுகிறவரும் மாஸ்க் போடட்டும், தினமும் அந்தத் தூசியில் நிற்பது அவர்தான். ஆஸ்துமா உள்ள குழந்தைக்கு மாறுவேடப் போட்டியில் ரோபோ வேடமா? அட்டையில் ஜிகினாத் தாளை ஒட்டி அனுப்புங்கள், முகத்தை விட்டுவிடுங்கள் அம்மா.

நிகழ்ச்சி நடத்துகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: அந்தப் பையன்களுக்கு நல்ல மேக்கப் வாங்க ஆகும் செலவைச் சம்பளத்தில் பிடிக்காதீர்கள்.

அப்புறம், பொடி உள்ளே போனால் உடனே தெரிய வேண்டும் என்றில்லை, பல மணி நேரம் கழித்தும் மூச்சு முட்டலாம். ஆரம்பத்தில் எக்ஸ்ரே சுத்தமாகவே இருக்கலாம். நெஞ்சு இறுகினால் விடியட்டும் என்று காத்திருக்காமல் அந்த ராத்திரியே கிளம்பி வாருங்கள். பொடி பாக்கெட்டையும் கையோடு எடுத்து வாருங்கள், என்ன பூசினீர்கள் என்று தெரிந்தால்தான் எங்களால் சரியாக வைத்தியம் பார்க்க முடியும்.